சிறு பிள்ளையோடு நெடும்பயணம்: ஒரு வழக்கத்தின் வரலாறு

சிறு பிள்ளைகளோடு கடல் கடந்து செல்வது புதிய வழக்கமன்று. இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்ட வேலைக்காகச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தே கப்பலேறின. ஆனால் அவர்களை நடத்தியது பிழைப்பின் நெருக்கடி. ஊர் காணும் விருப்பத்தால் பிள்ளைகளோடு உலகைச் சுற்றுவது, மறுபுறம், பெருஞ்செல்வர்க்கு மட்டுமே வாய்த்தது. ஆங்கிலேயச் சீமாட்டி ஆனா பிராசி 1876 ஜூலையில் கணவரோடும் பிள்ளைகளோடும் 'சன்பீம்' என்னும் சொந்தக் கப்பலில் புறப்பட்டு, பதினொரு மாதங்களில் இலங்கை உட்பட உலகைச் சுற்றித் திரும்பியபோது, செவிலியும் பணியாளரும் மாலுமிகளும் உடன் இருந்தனர். முதுகில் ஒரு பையும் கையில் ஒரு குழந்தையுமாக, பணியாளரோ முன்பதிவோ இன்றிக் குறைந்த செலவில் அயல்நாடுகளில் அலையும் பயணமுறை இவ்விரண்டிலும் சேராதது. அது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது.

அதற்கு முதலில் வேண்டியிருந்தவை கருவிகள். கலிபோர்னியாவின் டிக் கெல்டி 1952 இல் விற்கத் தொடங்கிய அலுமினியச் சட்டமிட்ட முதுகுப்பை, இடுப்புப்பட்டையின் துணையால் சுமையின் பெரும்பகுதியைத் தோளிலிருந்து இடுப்புக்கு மாற்றியது. கொலராடோவின் கெர்ரி கன்னிங்ஹாம் அதே வகைச் சட்டத்தில் பொருளுக்குப் பதிலாகக் குழந்தையை அமர்த்தும் இருக்கையை உருவாக்கினார். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க அமைதிப்படைத் தொண்டராக மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் பணியாற்றிய செவிலியர் ஆன் மூர், அந்நாட்டுத் தாய்மார் துணியால் குழந்தையை உடலோடு கட்டிச் சுமப்பதைப் பார்த்து வடிவமைத்த 'ஸ்னக்லி' என்னும் சுமைத்தூளிக்கு 1969 இல் காப்புரிமை பெற்றார். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தாய்மார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒன்று மேலைநாட்டுக் கடைகளில் புதுப்பொருளாக விலைபோனதில் சற்று வேடிக்கை உண்டு.

எனினும் அக்காலத்தில் இஸ்தான்புல்லிலிருந்து தெஹ்ரான், காபூல், லாகூர் வழியாக டெல்லிக்கும் காட்மாண்டுவுக்கும் சென்ற 'ஹிப்பிப் பாதை'யில் பெரும்பாலும் மணமாகாத இளைஞர்களே காணப்பட்டனர்; பிள்ளை பிறந்ததும் அலைச்சல் முடிந்தது என்பதே பொதுக் கருத்து. அக்கருத்தைத் தம் நடைமுறையால் மறுத்தவர்களில் முதன்மையானவர் அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி. 1963 இல் தனியே மிதிவண்டியில் அயர்லாந்திலிருந்து இந்தியா வரை வந்து புகழ்பெற்ற அவர், 1968 டிசம்பரில் மகள் ரேச்சல் பிறந்தபின், மணமாகாத தாயை இழிவாக நோக்கிய அன்றைய அயர்லாந்தில் தனியாகவே அவளை வளர்த்தார். ஐந்து வயதுவரை பிள்ளையைத் தொலைதூரப் பயணத்தில் ஈடுபடுத்துவதில்லை என்று அவர் காத்திருந்தது குறிப்பிடத்தக்கது: துணிச்சலுக்குப் பெயர்பெற்றவரின் திட்டமிடல் பொறுமையிலிருந்து தொடங்கியது.

1973 இன் இறுதியில் இருவரும் விமானத்தில் பம்பாய்க்கு வந்து, மேற்குக் கரையோரமாக மெல்ல இறங்கிக் கன்னியாகுமரியைத் தொட்டு, பிறகு குடகு மலைநாட்டில் இரண்டு மாதங்கள் தங்கினர். அடுத்த குளிர்காலத்தில், பாகிஸ்தானின் வடகோடியிலுள்ள பல்திஸ்தானில், சிந்து நதியின் உறைந்த பள்ளத்தாக்குகளில், போலோ ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மட்டக்குதிரையில் ஆறு வயது ரேச்சல் அமர்ந்துவர, தாய் நடந்தே சென்றார். 1978 இல் பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைத்தொடரில் கஹமார்க்காவிலிருந்து குஸ்கோ வரை ஒரு கோவேறு கழுதையோடு சென்ற நெடுநடையின்போது மகளுக்கு வயது ஒன்பது. பிள்ளை உடன் வருவது பயணிக்குத் தடையன்று, உள்ளூர் மக்களின் நல்லெண்ணத்தைப் பயணி நம்புகிறார் என்பதற்கு அது சான்று, ஆதலால் கதவுகள் எளிதில் திறக்கின்றன என்பது மர்ஃபியின் முடிவு. அவருடைய வழித்தடங்களைப் பார்க்கும்போது இது மிகைக்கூற்றாகத் தோன்றவில்லை. ஆயினும் எல்லாத் தாயரும் மர்ஃபியாக முடியாது, எல்லாக் குழந்தைகளும் ரேச்சலைப்போலக் குளிர் தாங்குவதில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

உண்மையான அச்சம் மலைப்பாதையிலன்று, தண்ணீரிலும் நோயிலும் இருந்தது. அவ்விருவரும் தென்னிந்தியாவில் இருந்த 1974 இல்தான் பீகாரை மையமாகக் கொண்ட பெரியம்மைப் பரவல் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது; பெரியம்மைத் தடுப்பூசிச் சான்றிதழ் கடவுச்சீட்டுக்கு இணையாகக் கேட்கப்பட்ட காலம் அது. உலக சுகாதார நிறுவனம் 1980 இல் அந்நோயின் ஒழிப்பை அறிவித்தபின் அச்சுமை நீங்கியது. வயிற்றுப்போக்கோ எளிதில் நீங்கவில்லை. உடலில் நீரின் இருப்பு குறைவான சிறு குழந்தை சில மணி நேரத்தில் வறண்டுபோகக் கூடும் என்பதால், மருத்துவமனை தொலைவிலுள்ள ஊர்களுக்குக் குழந்தையோடு செல்வதைப் பொறுப்புள்ள எவரும் பரிந்துரைக்க இயலாதிருந்தது.

அந்நிலையை மாற்றிய பொருள் அகதி முகாம் ஒன்றில் தன்னை நிறுவிக்கொண்டது. 1971 இல் வங்கதேசப் போரால் இடம்பெயர்ந்தோர் நிறைந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்புவழி ஏற்றும் நீர்மம் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சுவதற்குச் சர்க்கரை துணைசெய்கிறது என்னும் ஆய்வக உண்மை அங்கே களத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று ஓ.ஆர்.எஸ். என்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் அப்பொட்டலம் பின்னர் பயணிகளின் பைகளிலும் இடம்பெற்றது. குடும்பப் பயணத்தின் எல்லையை விரித்ததில் எந்த முதுகுப்பையையும்விட இதன் பங்கே பெரிது எனலாம்.

1979 இல் ஈரானியப் புரட்சியும் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைநுழைவும் தரைவழிப் பாதையை அடைத்தன. விமானத்தில் நேரே சென்றடையக்கூடிய தென்கிழக்காசியா முதன்மை பெற்றது. 1973 இல் 'லோன்லி பிளானட்' வழிகாட்டி நிறுவனத்தைத் தொடங்கிய இணையரில் ஒருவரான மொரீன் வீலர், தம் பிள்ளைகளோடு சென்ற அனுபவத்தைக் கொண்டு 1985 இல் குழந்தைகளோடு பயணம் செய்வோருக்கெனத் தனிக் கையேடு எழுதினார். அதுவரை தனிமனிதத் துணிச்சலாக இருந்தது அதன்பின் கற்றுக்கொள்ளத்தக்க முறையாயிற்று.

நோயச்சம் குறைந்த அதே காலத்தில் ஆவணங்களின் தொல்லை பெருகியது. பெற்றோர் கடவுச்சீட்டிலேயே பிள்ளையின் பெயரைச் சேர்க்கும் பழைய ஏற்பாட்டைப் பிரிட்டன் 1998 அக்டோபரில் கைவிட்டது. பிரிந்த பெற்றோரில் ஒருவர் பிள்ளையை அயல்நாட்டுக்குக் கொண்டுசென்று தக்கவைத்துக்கொள்வதைத் தடுக்க 1980 இல் ஹேக் நகரில் உடன்படிக்கை ஒன்று உருவான பின்னர், உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதம் பல எல்லைகளில் கேட்கப்படலாயிற்று. தென்னாப்பிரிக்கா 2015 ஜூனில் பெற்றோர் இருவர் பெயரும் அடங்கிய முழுப் பிறப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, சுற்றுலாத் தொழிலினரின் எதிர்ப்புக்குப்பின் சில ஆண்டுகளில் அவ்விதியைத் தளர்த்தியது. கடத்தலைத் தடுக்கும் நோக்கம் நியாயமானதே. ஆனால் மர்ஃபியைப் போலத் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்க்கு, எந்த மலைக்கணவாயையும்விட விமான நிலையச் சாளரமே கடக்க அரிதாகிவிட்டது.