நிரல் நூலக ஆவணம்

நிரல் நூலக ஆவணம் என்பது, பிற நிரலாளர்கள் எடுத்தாளும்பொருட்டு இயற்றப்பெற்ற நிரல் தொகுதியின் ஒவ்வொரு செயற்கூறும் எவற்றை ஏற்று எவற்றை விளைவிக்கும் என்பதை விவரிக்கும் நூலாகும். 1971 நவம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் கைந்நூல் இவ்வகையின் ஆதி உதாரணங்களுள் ஒன்று.

நிரல் திருத்தமுற, விளக்கம் பழையபடியே நின்றுவிடுவது இத்துறையின் பிரதான தோஷமாதலின், விளக்கத்தை நிரலுக்குள்ளேயே எழுதிவைக்கும் சம்பிரதாயம் உண்டாயிற்று. 2001-இல் வெளியான பைத்தான் நிரல்மொழியின் 2.1 பதிப்பில் இடம்பெற்ற டாக்டெஸ்ட் என்னும் கருவி, விளக்கத்திலுள்ள உதாரணங்களை இயக்கிப்பார்த்து, கூறிய விடையும் கிடைத்த விடையும் முரண்படுமாயின் அதனை அறிவிக்கின்றது. சான்றாக, தமிழ் எழுத்துக்களைக் கையாளும் ஓப்பன்-தமிழ் நூலகம் ‘அம்மா’ என்பதை அ, ம், மா என மூன்றெழுத்தாகப் பிரிக்குமென்று விளக்கம் கூறின், அக்கூற்றை இயந்திரமே பரிசோதிக்கவியலும்.

தேடுவோர்க்கு எளிதில் அகப்படுதல் மற்றோர் இலட்சணம். கியோர்க் பிராண்டில் இயற்றி 2008-இல் வெளியிட்ட ஸ்பிங்க்ஸ் என்னும் ஆவணமாக்கக் கருவி, பொருளகராதியையும் தேடுபட்டியலையும் தானே ஆக்கித்தருவது. 2010-இல் தோன்றிய ரீட் த டாக்ஸ் சேவையோ, நிரல் மாறுந்தோறும் ஆவணத்தைப் புதுக்கி, பழைய பதிப்பைப் பயன்படுத்துவோர் மயங்காவண்ணம் பதிப்புதோறும் தனி முகவரி அளிக்கின்றது.