விருப்பமும் கணிப்பும்: முற்றிய நுரையீரல் அடைப்பு நோயில் இறுதிக்காலச் சிகிச்சை

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் முற்றியவர்களுக்கு வாழ்வின் இறுதிக்கட்டத்தில் எத்தகைய சிகிச்சை வேண்டும் என்ற கேள்வி, பெரும்பாலும் அவர்கள் விடை சொல்ல இயலாத நிலையை அடைந்த பிறகே எழுப்பப்படுகிறது. புகையிலைப் புகையாலோ விறகடுப்புப் புகையாலோ மூச்சுக்குழாய்கள் சுருங்கி, காற்றறைகள் சிதைந்து, வெளியேற வேண்டிய காற்று நெஞ்சிலேயே தேங்கிவிடும் இந்நோயில், முடிவு எப்போது நெருங்குகிறது என்பது மருத்துவருக்கும் எளிதில் புலப்படுவதில்லை. அது புலப்படட்டும் என்று உரையாடலை ஒத்திப்போடும் வழக்கமே, நோயாளி விரும்புவதற்கும் அவருக்குச் செய்யப்படுவதற்கும் இடையே விழும் பிளவின் முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவின் ஐந்து மருத்துவக் கல்வி மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு, 1995இல் முடிவுகள் வெளியான 'சப்போர்ட்' ஆய்வு இதற்குத் தக்க சான்று. அதன் தரவுகளிலிருந்து 2000இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, அடைப்பு நோயாளிகளையும் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இரு பிரிவிலும் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஆயுள் நீட்டிப்பைவிடத் துன்பத் தணிப்பையே நாடினர். ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் காலவரையின்றிச் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடக்கச் சற்றும் உடன்படவில்லை. எனினும் மருத்துவமனையில் சேர்ந்த அதே தடவையிலேயே இறந்தவர்களுள், கருவியில் இணைக்கப்பட்டிருந்தோர் புற்றுநோயாளிகளில் சுமார் 20 விழுக்காடாகவும், அடைப்பு நோயாளிகளில் சுமார் 70 விழுக்காடாகவும் இருந்தனர்.

இந்த எண்களை மருத்துவர்களின் அலட்சியத்துக்குச் சான்றாக மட்டும் வாசிப்பது நேர்மையாகாது. 'காலவரையின்றி' என்ற சொல்லில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. தொற்றால் திடீரென மூச்சு முட்டி வரும் அடைப்பு நோயாளி, சில நாள் கருவியின் துணையோடு மீண்டு வீடு திரும்புவது அரிதன்று. ஆகவே நிரந்தரக் கருவி வாழ்வை மறுப்பவர் தற்காலிக உதவியையும் மறுத்தார் என்று கொள்வதற்கில்லை. தீவிர நோயுற்ற 226 முதியோரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வும் இதையே உணர்த்துகிறது. எளிய சிகிச்சையால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்றபோது அநேகமாக அனைவருமே அதை ஏற்றனர். பிழைத்தாலும் உடல் கடுமையாக முடங்கும் என்றபோது ஏறத்தாழ நால்வரில் மூவரும், அறிவுத்திறன் சிதையும் என்றபோது இன்னும் மிகுதியானோரும் மறுத்தனர். சிகிச்சை முடிந்தபின் எஞ்சும் வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதே அவர்களுடைய அளவுகோலாக இருந்தது. 'கருவி வேண்டுமா, வேண்டாமா' என்று மட்டும் கேட்கும் படிவம் அந்த அளவுகோலைத் தொடுவதேயில்லை.

புற்றுநோயாளியின் உடல்நிலை இறுதி மாதங்களில் ஒரே சீராகச் சரிவதால், குடும்பமும் மருத்துவரும் ஓரளவு ஆயத்தமாகிவிடுகின்றனர். அடைப்பு நோயோ விழுந்தும் எழுந்தும் செல்கிறது. கடைசி நெருக்கடி, மீண்டுவந்த முந்தைய நெருக்கடிகளைப் போலவே தோன்றுகிறது. சப்போர்ட் ஆய்வின் கணிப்பு முறைப்படி, இறப்புக்கு ஐந்து நாள் முன்புகூட இந்நோயாளிகள் ஆறு மாதம் உயிர்வாழும் வாய்ப்பு பாதிக்கு மேல் எனக் காட்டப்பட்டது. அத்தகைய எண்ணை நம்பிக் காத்திருப்பவர் எந்த நாளில் பேசத் தொடங்குவார்?

ஆகவே உரையாடல் தொடங்க வேண்டிய வேளையை நோயின் திருப்பங்களே குறிக்க வேண்டும். நெருக்கடியொன்றிலிருந்து மீண்டு வீடு திரும்பிய சில வாரங்களும், வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படத் தொடங்கும் காலமும் அதற்கு ஏற்றவை. அச்சம் அண்மையில் அனுபவித்ததாக இருக்கும், பேச மூச்சும் இருக்கும். குழாய் செருகாமல் முகமூடி வழியாகக் காற்றழுத்தம் தரும் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்வதா, அல்லது கருவியைக் குறித்த சில நாட்களுக்கு முயன்று பலனில்லையேல் விலக்கிவிடுவதா என்ற இடைப்பட்ட வழிகளை அப்போது விளக்க இயலும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை ஏற்று, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கியது மிகவும் வரவேற்கத்தக்கது. ஆயினும் மீளும் நம்பிக்கையற்ற நிலையை நோயாளி அடைந்த பிறகே அந்த ஆவணம் செயலுக்கு வருவதால், அந்நிலை எது என்று கடைசிவரை தெளிவாகாத இந்நோயில் அது தனித்து நின்று பயன்தராது. அதில் குறிக்கப்படும் உறவினர், எத்தகைய வாழ்க்கையை நோயாளி தாங்குவார், எதைத் தாங்கமாட்டார் என்பதை அவர் வாயாலேயே, மருத்துவரின் முன்னிலையில், ஒரு முறைக்குப் பல முறை கேட்டறிந்தவராக இருக்க வேண்டும்.