மூச்சை இழு, நிறுத்து

1973ல் எனக்கு அரசு வேலைக்கான உத்தரவு வந்தது. மருத்துவச் சான்று கொடுத்தால்தான் சேரலாம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து, "வலது பக்கம் ஏதோ நிழல் தெரிகிறது" என்றார்கள். அந்தக் காலத்தில் நெஞ்சில் நிழல் என்றால் டி.பி. என்றுதான் நினைப்போம். அம்மா ஒன்றும் பேசாமல் என் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார்.

பிரெஞ்சுப் பள்ளியில் 'ரெயோன் இக்ஸ்' பற்றிப் படித்திருந்தேன். 1895 நவம்பர் 8ஆம் தேதி ஜெர்மனியில் ரோன்ட்கன் கண்டுபிடித்தது. அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் எடுத்தார். கை சுலபம், பலகைமேல் அசையாமல் கிடக்கும். நெஞ்சு அப்படியா? இதயம் துடிக்கிறது, விலா எலும்புகள் ஏறி இறங்குகின்றன. பாரீசில் பெக்லேர் என்ற மருத்துவர் 1897ல் தெனோன் மருத்துவமனையில் சொந்தச் செலவில் கருவி வைத்து, இருட்டறையில் ஒளிரும் திரையில் நோயாளிகளின் நுரையீரலைப் பார்த்தார். கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்துதான் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் மேரி கியூரி எக்ஸ்ரே கருவியைக் காரில் ஏற்றிப் போர்முனைக்கே கொண்டுபோனதை எங்கள் மிசியே பெருமையாகச் சொல்வார். ஆபத்து தெரியாமல் அந்தக் கதிர்களில் கை வைத்து விரல்களை இழந்தவர்களும் உண்டு. அதைப் பற்றி அவர் சொன்னதில்லை.

என் கதைக்கு வருகிறேன். மறுபடி எடுக்கப் போனபோது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருந்தார். பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தம்பி, கையை எங்க வெச்சிருந்தீங்க?"

"தொங்க விட்டிருந்தேன் ஐயா."

"அதான். இது உங்க தோள்பட்டை எலும்பு."

முதுகுப் பக்கம் இருக்கும் அந்தத் தட்டை எலும்பு நுரையீரல்மேல் விழுந்து நிழல் காட்டியிருக்கிறது. நெஞ்சைப் பலகையில் ஒட்டி நிற்கச் சொன்னார். இதயம் முன்பக்கம் இருப்பதால் அப்படி நின்றால்தான் அது பெரிதாகத் தெரியாதாம். முகவாயைத் தூக்கி, கைகளை இடுப்பில் வைத்து, முழங்கைகளை முன்னால் தள்ளினார். தோள்பட்டை எலும்பு விலகிவிடும். பிறகு "அன்ஸ்பிரே!" என்றார். இழுத்தேன். "ந ரெஸ்பிரே ப்ளூ!" நிறுத்தினேன். மூச்சை நன்றாக இழுத்தால் உதரவிதானம் கீழே இறங்கும். பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகளில் பின்பக்கம் பத்துவரை எண்ணலாம். முதல் ஃபிலிமில் ஏழுதான் இருந்ததாம்.

புதிய படத்தில் நிழல் இல்லை. அம்மா என் தட்டைப் பழைய இடத்தில் வைத்தார். ஆனால் பத்தொன்பது நாள் தாமதமாகச் சேர்ந்தேன். எனக்குப் பின்னால் உத்தரவு வாங்கியவர் முன்னால் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை சீனியாரிட்டி பட்டியலில் எனக்கு ஒரு படி மேலேயே இருந்தார்.