வாக்குரிமையின் வரலாறும் மேலூர் வட்டாரமும்

மாலை வேளைகளில் பிள்ளைகளைத் தனிப்பாடத்திற்கு அனுப்பும் வழக்கம் நம் ஊர்களில் பரவலாக உண்டு. கணக்கிற்கும் ஆங்கிலத்திற்கும் ஆசிரியரைத் தேடும் பெற்றோர் குடிமையியலுக்குத் தேடுவதில்லை. மனனம் செய்தால் போதும் என்பது அவர்தம் எண்ணம். மாணவரும் அரசியலமைப்பில் தொடக்கத்தில் 395 பிரிவுகள், 8 அட்டவணைகள் என்று தடையின்றி ஒப்பிக்கின்றனர். அவை எவருக்கு எதைத் தந்தன என்று வினவினால் விழிக்கின்றனர்.

ஆட்சிக்கலையை அரபு மொழியில் ‘சியாஸா’ என்பர். குதிரையைப் பேணிப் பழக்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. பழக்கம் மனப்பாடத்தால் வாராது. எனவே, கொட்டாம்பட்டி மாணவருக்குக் குடிமையியலை அவர் பிறந்த மண்ணின் வரலாற்றோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

முதலில் குடவோலையை நோக்குவோம். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும் அவை விதிக்கும் தகுதிகளையும் மாணவர் அறிதல் வேண்டும். வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை பொதுவாக வேண்டப்பட்டன. நிலமற்ற உழவனின் பெயர் அக்குடத்தில் விழ வழியில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் சொத்தும் வரியும் கல்வியுமே வாக்குரிமைக்கு அளவுகோல்களாயின. 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வுரிமையைச் சற்று விரித்தனவேயன்றி எல்லார்க்கும் வழங்கவில்லை.

இவ்விடத்தில் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியின் மைந்தர் கக்கனை நினைவுகூர வேண்டும். தாழ்த்தப்பட்ட குடியிற் பிறந்தவர் அவர். 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோவிலுள் நுழைந்தவர்களுள் ஒருவர். பின்னர் அவரே அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக அமர்ந்தார். கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிபும் அச்சபையில் இருந்தார். 1949 செப்டம்பரில், ஆட்சிமொழியாகும் தகுதி தமிழுக்கு உண்டென வாதிட்டார். அச்சபை தந்த அரசியலமைப்பின்படி 1951-52 பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். 21 வயது நிரம்பிய குடிமக்களிடம் சொத்தும் கேட்கப்படவில்லை, படிப்பும் கேட்கப்படவில்லை. 1989இல் அவ்வயது 18 ஆயிற்று.

நிற்க. ஏட்டில் எழுதப்பட்ட உரிமை தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டதா? 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம் ஊராட்சிகளில் பட்டியல் வகுப்பினருக்கு இடம் ஒதுக்கியது. 1996இல் மேலூர் வட்டத்து மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி அவ்வாறு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களுக்கிடையே போட்டியிட்டு வென்றவர் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பும் வழியில் அவரும் உடன் அறுவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாடநூலில் ‘இடஒதுக்கீடு’ என்னும் ஒரு சொல்லைப் படிக்கும் மாணவர், அதற்கு அண்டை ஊர் கொடுத்த விலையையும் அறிந்து படிக்கட்டும்.

அதே வட்டாரம் மற்றொரு பாடத்தையும் தந்துள்ளது. 2024 நவம்பரில், அரிட்டாபட்டியை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வெளியானது. மேலூர்ப் பகுதி ஊராட்சிகள் பல கிராம சபையைக் கூட்டி எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானித்தது. 2025 ஜனவரியில் பல்லாயிரவர் மதுரை நோக்கி அணிவகுத்தனர். அம்மாதம் 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊராட்சி, மாநில அரசு, ஒன்றிய அரசு என மூன்று பாடங்களாகப் பிரித்துப் படிப்பதை, ஒரே நிகழ்ச்சியில் மாணவர் கண்டுகொள்ளலாம்.

பெற்றோர்களே! ஆகஸ்டு 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுவதையும், ஓர் எளியவர் எழுந்து வினவுவதையும் அவர்கள் காணட்டும். அந்த வினாவை எழுப்பும் உரிமை வந்த வழியை அன்றிரவு அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.