கப்பலில் வந்த அத்தோ



'வெளியிலிருந்து வந்தவர்களின் தெருவோர உணவு நம் நகரத்துச் சுவையை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?' என்பது தலைப்பு. வளர்க்கிறது என்று பேச வந்திருக்கிறேன். அதற்காக வீட்டுச் சமையலைக் குறை சொல்வேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். என் வீட்டம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி நான் வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். "நூல் நூலா, ஆரஞ்சுக் கலர்ல, தள்ளுவண்டியில வச்சுக் கையால பிசைஞ்சு கொடுக்கிறாங்களே அத்தோன்னு, அது தமிழன் சாப்பாடா?" பெரிய கைதட்டல் வாங்கினார். அம்மா, எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு தட்டு போதும். அதை வைத்தே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார். அதற்குப் பின்னால் செகண்ட் லைன் பீச் என்ற தெரு. சாயங்காலம் அங்கே வண்டிகள் வரிசையாக நிற்கும். நூடுல்ஸை ஒரு பாத்திரத்தில் அள்ளிப் போடுவார்கள். நறுக்கின முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு வாசம் ஏறின எண்ணெய், வறுத்த கடலை மாவு எல்லாம் விழும். மேலே பேஜோ என்கிற மொறுமொறு அப்பளம் மாதிரி ஒன்றை நொறுக்கிப் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். பக்கத்தில் அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயத்தை உள்ளே திணித்து வைத்திருப்பார்கள். சொல்லும்போதே எதிரணியில் ஒருவர் எச்சில் விழுங்குகிறார், நடுவர் கவனிக்க வேண்டும். (சிரிப்பு)

நான் ஆராய்ச்சி மாணவனாகச் சென்னைக்கு வந்த காலத்தில், மாதக் கடைசி என்றால் மெஸ்ஸுக்குப் போக முகம் இருக்காது, பாக்கி அவ்வளவு. அப்போது என் பையில் இருந்த சில்லறைக்கு வயிறு நிறைத்தது இந்த வண்டிதான். ஒருநாள் கடைக்காரப் பெரியவரிடம் விளையாட்டாகக் கேட்டேன்: "என்னண்ணே, பர்மாக்காரர் இவ்வளவு சுத்தமா தமிழ் பேசுறீங்க?" அவர் பிசைகிற கையை நிறுத்தவில்லை. "தம்பி, எங்கப்பாரு ஊரு ராமநாதபுரம் பக்கம். அங்கே எங்களை இந்தியாக்காரன்னு சொல்லி அனுப்பிட்டான். இங்கே வந்தா நீங்க பர்மாக்காரன்ங்கிறீங்க" என்றார். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து, இந்த மேடையில்தான் சொல்லப் பார்க்கிறேன்.

அவர் சொன்ன ஒரு வாக்கியத்துக்குள் நூறு வருஷ வரலாறு இருக்கிறது ஐயா. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் பர்மாவைப் பிடித்தான். 1885-இல் நடந்த போரோடு முழு நாடும் அவன் கைக்குப் போயிற்று. ஐராவதி ஆற்றுப் படுகையிலே நெல் விளைந்தது. பணம் கொடுக்க நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் போனார்கள். வயலில் இறங்கவும், துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் நம் ஏழைகள் போனார்கள். 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அங்கே நாம்தான் 'வெளியிலிருந்து வந்தவர்கள்'. இதை எதிரணி கொஞ்சம் குறித்துக்கொள்ள வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூன் மீது குண்டு போட்டான். லட்சக்கணக்கான பேர் காட்டு வழியாக, மலை வழியாக இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியிலேயே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1952-இல் வந்த 'பராசக்தி' படம் உங்களுக்கெல்லாம் தெரியும். அண்ணன்கள் ரங்கூனில், தங்கை கல்யாணி மதுரையில். நாதியற்றுப் போன கல்யாணி பிழைப்புக்கு என்ன செய்தாள்? இட்லி சுட்டு விற்றாள். மூலதனம் இல்லாதவருக்கு, சொந்தபந்தம் இல்லாதவருக்கு, உடனே திறக்கிற கதவு அடுப்புதான்.

போர் முடிந்து பலர் திரும்பவும் பர்மாவுக்குப் போனார்கள். 1948-இல் பர்மா விடுதலை பெற்றது. 1962 மார்ச்சில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளையெல்லாம் அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நேற்று வரை முதலாளி, இன்றைக்குக் கையில் இருப்பது காகிதம். அதற்குப் பிறகு ஏறத்தாழ 3 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வீடு, கடை, நிலம் எல்லாம் அங்கே. இங்கே ஒரு டிரங்குப் பெட்டி, நாலு பிள்ளைகள்.

அரசாங்கம் முகாம் போட்டது, கடன் கொடுத்தது. வியாசர்பாடியிலே குடியேறினார்கள். காரைக்குடி போன்ற ஊர்களிலே பர்மா காலனிகள் உண்டாயின. 1969-இல் பர்மா பஜார் வந்தது. வெளிநாட்டு டேப் ரிக்கார்டர் வாங்க நாமெல்லாம் அங்கே பேரம் பேசியிருக்கிறோம். முகாம் வாழ்க்கை பிடிக்காமல், பர்மாவுக்கே நடந்து போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போன தமிழர்களும் உண்டு. எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே கோயில் கட்டினார்கள், தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், இட்லி தோசையும் சுட்டார்கள். இங்கே வந்தவர் கையில் அத்தோ, அங்கே நின்றவர் கையில் தோசை. ஒரே சனம்தான்!

சரி, தட்டுக்கு வருவோம். 'அத்தோ' என்ற பெயர் பர்மியச் சொல். அவர்கள் மொழியிலே 'அத்தொக்' என்றால் கலந்து பிசைந்தது. பர்மாவில் மொஹிங்கா என்று காலையில் சாப்பிடுவார்கள். மீன் குழம்பில் வாழைத்தண்டு போட்டு, நூடுல்ஸ் மேல் ஊற்றுவது. சென்னைக்கு வந்ததும் பல வண்டிகளில் மீன் போய்விட்டது, வாழைத்தண்டு மட்டும் சூப்பாக நின்றுவிட்டது. ஊருக்குத் தக்கபடி நடந்துகொள்கிற பிள்ளை அது.

நூடுல்ஸ் சீனத்திலிருந்து பர்மாவுக்குப் போனது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் நம் நாட்டுக்கே வந்தது. அப்புறம் அந்தக் கடலை மாவு. கடலைக்குப் பர்மியர் வைத்த பெயர் 'கலா பெ'. 'பெ' என்றால் பயறு. 'கலா' என்றால் இந்தியாவிலிருந்து வந்தவன்! நம் ஆள் அங்கே போனபோது, அவன் பேரை ஒரு பயற்றுக்கே வைத்துவிட்டார்கள். அந்தப் பயறு மாவாகி, அத்தோவில் கலந்து, கப்பல் ஏறித் திரும்பவும் சென்னைக்கே வந்திருக்கிறது. அம்மையார் கேட்டாரே, "இது தமிழன் சாப்பாடா?" என்று. தமிழன் வெளியூருக்குப் போய், பட்டுத் திரும்பி, தன் பிள்ளைகளைக் காப்பாற்றின சாப்பாடு அம்மா இது. (கைதட்டல்)

வந்தவர் உணவு நமக்குப் புதுசா? தமிழ் வாத்தியாராக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மதுரைக்காஞ்சி, அடையும் மோதகமும் விற்ற கூவியர் நள்ளிரவிலே தூங்கி வழிவதைக் காட்டுகிறது. பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து உணவு வந்து இறங்கிய காவிரிப்பூம்பட்டினத்தைக் காட்டுகிறது. சொந்த மண்ணை விட்டு வந்த, பல மொழி பேசுகிறவர்கள் அங்கே கலந்து இனிதாக வாழ்ந்தார்கள் என்றும் சொல்கிறது. 'கலந்து' என்பதோடு புலவர் நிறுத்தவில்லை. 'இனிதாக' என்றும் சேர்த்தார். அதுதான் நகரத்துக்கு அழகு.

எதிரணி நண்பர் சுத்தத்தைப் பற்றிப் பேசினார். அதை நான் மறுக்கவில்லை. தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும். ஆனால் குழாயடி இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தண்ணீர் சரியில்லை என்று அவனைத் துரத்துவது நியாயமா? தெருவோர வியாபாரிகளின் பிழைப்பைக் காப்பாற்றவே 2014-இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்திருக்கிறது. இடமும் கொடுங்கள், தண்ணீரும் கொடுங்கள், பிறகு சோதனையும் போடுங்கள். வீட்டிலே குழம்பில் உப்புக் கூடிவிட்டால் குழம்பைத்தான் சரி செய்கிறோம். அம்மாவையா மாற்றுகிறோம்? (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக ஒன்று. இன்றைக்கு நம் தெருமுனையில் பானிபூரி விற்கிற பையன் பீகாரிலிருந்தோ உத்தரப்பிரதேசத்திலிருந்தோ வந்திருப்பான். மோமோ விற்கிறவன் நேபாளத்திலிருந்து, வடகிழக்கிலிருந்து வந்திருப்பான். நம் பிள்ளைகள் அந்தத் தட்டை வாங்கி ரசித்துச் சாப்பிடுகிறார்கள், நல்லது. ஆனால் தட்டைக் கீழே வைத்ததும், அவனை ஊரைச் சொல்லிக் கேலி பண்ணுகிறோமே, அதுதான் என் நெஞ்சில் குத்துகிறது. ரங்கூன் தெருவிலே 'கலா' என்று கூப்பிட்டபோது நம் பாட்டனுக்கு எப்படி வலித்ததோ, அப்படித்தானே இவனுக்கும் வலிக்கும்? அவனும் ஒரு பெட்டியோடு ரயில் ஏறி வந்தவன்தான். அவன் ஊரிலும் ஒரு தாய், அவன் அனுப்புகிற பணத்துக்காகக் காத்திருக்கிறாள்.

இருபது, முப்பது வருஷம் முன்னால் அந்தப் பெரியவருக்கு நான் சொல்லாமல் விட்ட பதில் இதுதான்: "அண்ணே, நீங்க பர்மாக்காரரும் இல்லே, வந்தவரும் இல்லே. எங்க பசியாத்தின இந்த ஊர்க்காரர்." அவர் இப்போது அங்கே இல்லை. இந்தப் பதிலைப் பானிபூரித் தம்பியிடமாவது சொல்லுவோம். அவன் கடையில் சாப்பிட்டால், "நல்லா இருந்துச்சு தம்பி, எந்த ஊரு?" என்று அன்பாக ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் காசு கிடையாது.

ஆகவே, வந்தவர்களின் உணவு நம் சுவையையும் வளர்க்கிறது, மனதையும் வளர்க்கிறது என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.