வாடகை வீட்டுக்கு வராத கம்பி

கொழும்பில் வாடகைக்கு இருப்பவர் ஃபைபர் இணைப்புக் கேட்டால், வழக்கமாக முதலில் கேட்கப்படுவது வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம். தொடர்மாடி என்றால் அதன் முகாமைத்துவமும் தலையாட்ட வேண்டும். புதிய தொழில்நுட்பத்தோடு வந்த சில்லறைச் சிக்கல் என்றே இதைப் பலரும் எண்ணுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நகரத்தில் தொலைத்தொடர்பு நெடுங்காலமாக வீட்டுக்குத்தான் கொடுக்கப்பட்டது, அதில் குடியிருப்பவருக்கு அல்ல. கம்பியில்லாத் தொலைபேசி பரவிய காலத்தில் மட்டும் அந்த வழக்கம் தளர்ந்தது. ஃபைபர் சுவரைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியிருப்பதால் பழைய ஒழுங்கு திரும்பியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அறை எடுத்தார்கள், சிலர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து 'சம்மறி' நடத்தினார்கள். அந்த நாளில் தொலைபேசி என்பது அரசாங்கத் திணைக்களம் வழங்கும் பொருள். விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் இருப்பவர் விண்ணப்பித்து என்ன பயன்? லைன் கிடைக்கும்போது அவர் வேறு ஒழுங்கையில் இருப்பார். ஆகவே இலக்கம் வீட்டுக்காரருடையதாகவே இருந்தது. முன் விறாந்தையில் கருவி இருக்கும், டயலின் துளையில் சின்னப் பூட்டொன்று தொங்கும். வெளியே இருந்து வரும் அழைப்பை எடுக்கலாம், இங்கிருந்து எடுப்பதற்குச் சாவி வேண்டும்.

1983க்குப் பிறகு போர் காரணமாக வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் லொட்ஜ்களிலும் புதிதாக எழுந்த தொடர்மாடிகளிலும் தங்கின. பிள்ளைகள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்தார்கள். தொலைபேசி மிக அவசியமான நேரத்தில், அது கிடைக்காத இடத்தில் இவர்கள் இருந்தார்கள். காலி வீதியின் 'கொமினிகேஷன்' கடைகள் அந்த இடைவெளியில்தான் தழைத்தன. பலகையால் மறைத்த சிறு கூடு, நிமிடத்தை எண்ணும் மீற்றர், முடிந்ததும் துண்டில் எழுதித் தரும் தொகை. மகன் எடுக்கும் நேரத்துக்கு வந்து வாங்கில் காத்திருந்த தாய்மாருக்கு அந்தக் கடையின் இலக்கமே சொந்த இலக்கம். 2007 ஜூன் 7ஆம் திகதி பொலிஸார் கொழும்பு லொட்ஜ்களிலிருந்து தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள், மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. தங்குமிடமே அப்படி நிலையற்றிருந்தவர்களிடம் நிரந்தர முகவரியைக் கேட்கும் இணைப்பு எப்படிப் போய்ச் சேரும்?

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் தொலைபேசியைத் திணைக்களத்திடமிருந்து விடுவித்தது. 1997இல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் ஸ்ரீ லங்கா ரெலிகொமில் 35 வீதப் பங்கை வாங்கிய பிறகு காத்திருப்போர் பட்டியலும் குறைந்தது. பொருளியல் எழுதுபவர்கள் இந்த இரண்டையும் பெரிதாகச் சொல்வார்கள். வாடகைக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் பெரிய மாற்றம் வேறு. 1996இல் சண்டெல், லங்கா பெல் என்ற நிறுவனங்கள் கம்பியில்லா நிலையான தொலைபேசிக்கு அனுமதி பெற்றன, 2005 அளவில் சி.டி.எம்.ஏ. என்ற கம்பியில்லாக் கருவிகள் வீடு வீடாகப் போயின. துளை வேண்டாம், தூண் வேண்டாம். வீடு மாறும்போது சட்டி பானையோடு தொலைபேசியையும் கொண்டுபோகலாம். இந்த நகரத்தில் வாடகைக்காரர் தம் பெயரில் ஒரு வீட்டுத் தொலைபேசியைச் சுலபமாக வைத்திருந்தது இந்தக் காலத்தில்தான்.

ஃபைபர் வந்ததும் அந்தச் சுலபம் போயிற்று. நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியைப் பிரிகருவி பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. தூணிலிருந்தோ தொடர்மாடியின் செங்குத்துக் குழாயிலிருந்தோ ஒரு மெல்லிய வயர் வாசலுக்கு வருகிறது. பெரும்பாலும் ஏ.சி. குழாய் போன துளையே போதும். மூலையில் வயரை அளவுக்கு மீறி மடக்கினால் வீட்டுக்குள் வைக்கும் இணைப்புப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே பழைய செம்புக் கம்பியைப்போல மின்னலை வீட்டுக்குள் கொண்டுவருமென்ற பயமும் அநேகமாக இல்லை. வேலை ஒரு மணித்தியாலம், அனுமதிக்கு வாரக்கணக்கு.

வீட்டுக்காரரின் பயங்களில் நியாயம் இருக்கிறது. துளை போட்டால் சுவர் கெடும், குடியிருந்தவர் பில் கட்டாமல் போனால் அடுத்தவருக்கு இணைப்பு எடுப்பது சிரமமாகும். முதலாவதற்கு முற்பணம் கையில் இருக்கிறது. இரண்டாவதற்குக் கடனை முகவரியில் ஏற்றாமல் எடுத்தவரின் அடையாள அட்டையில் ஏற்றினால் போதும். 4ஜி ரவுட்டர் இருக்கிறதே என்பாரும் உண்டு. 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடி ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் வகுப்பில் இருந்தபோது, கோபுரத்தை ஊரோடு பகிரும் இணைப்பின் எல்லை தெரிந்துபோயிற்று.

கனமான ஆட்சேபம் வேறொன்று. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்பவரைக் காத்தது, அதனால் வாடகை உறைந்தது, வீடுகள் திருத்தப்படாமல் பாழடைந்தன, வாடகைக்குக் கொடுக்கவே உரிமையாளர்கள் பயந்தார்கள். இன்னொரு உரிமை கொடுத்தால் அதே கதைதான் என்பது. அந்த அனுபவம் உண்மையானது. ஆனால் அந்தச் சட்டம் தொட்டது வாடகைத் தொகையையும் வீட்டைத் திரும்பப் பெறும் உரிமையையும். ஒரு வயர் இரண்டையும் தொடவில்லை, அடுத்தவருக்கு வீட்டைக் கொடுக்கும்போது பெறுமதியைக் கூட்டவே செய்கிறது. பிரித்தானியா 2021இல் இதற்கென்றே சட்டம் செய்தது: தொடர்மாடியில் குடியிருப்பவர் கேட்டும் கட்டட உரிமையாளர் பதிலே தராவிட்டால், நிறுவனம் நியாயசபைக்குப் போய் உள்நுழையும் உரிமையைப் பெறலாம். அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடமொன்றை ஒரே தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தங்கள் 2008இலேயே தடுக்கப்பட்டன.

இங்கே தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் மாடிப்படியையும் குழாய்ப் பாதையையும் உரிமையாளர்களின் பொதுச் சொத்தாகப் பார்க்கிறது. அங்கே குடியிருப்பவருக்கு வாக்கு இல்லை. கொலன்னாவையில், வெல்லம்பிட்டியில், அனெக்ஸில் இருப்பவர் நிலை இன்னும் மோசம். மின்சாரத்துக்கு உப மீற்றர்போல, இணையத்துக்கு வீட்டுக்காரர் சொல்லித்தரும் கடவுச்சொல். அவர் மாற்றிவிட்டால் பிள்ளையின் படிப்பும் நின்றுவிடும். நகர அபிவிருத்தி அதிகார சபை சாலமுல்லையில் கட்டியதைப் போன்ற தொடர்மாடிகளிலாவது, எந்த நிறுவனமும் பயன்படுத்தக்கூடிய குழாயை ஒவ்வொரு வாசல்வரை விடுவது அரசின் கையிலேயே இருக்கிறது. தனியார் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கும்படி தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையிடமும் குடியிருப்பாளர்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிற விதி. எப்படியும் எழுதும் அந்த உறுதியில் மூன்று வரி கூட்டுங்கள்: குடியிருப்பவர் தம் பெயரில் ஃபைபர் எடுக்கலாம், துளையை அவரே அடைத்துக் கொடுப்பார், போகும்போது பில்லைத் தீர்த்த பற்றுச்சீட்டைக் காட்டுவார். முற்பணத்தைக் கொடுக்கும் முன்பே இதைக் கேளுங்கள், கொடுத்த பிறகு கேட்டால் பதில் கிடைப்பது அரிது.