பெறுபேற்றை எதிர்த்து நின்ற இரு பயிலுநர்கள்

நான் பத்திரிகைத் துறையில் காலடி வைத்தது 1990களின் நடுப்பகுதியில். கலைப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு நாளேட்டில் பயிலுநராகச் சேர்ந்தேன். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிந்த நாளில் கிடைத்த கடிதத்தில் ஒரேயொரு வாக்கியமே இருந்தது. பணி திருப்தியளிக்காமையால் பயிற்சிக் காலம் மேலும் மூன்று மாதங்களுக்கு நீடிக்கப்படுகின்றது என்றது அது. எந்தப் பணி, யாருக்குத் திருப்தியளிக்கவில்லை, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பக்கத்து மேசையில் இருந்த வயதான ஒப்புநோக்குநர் கடிதத்தை வாசித்துவிட்டு, "தம்பி, பேசாம வேலையைப் பாரும். கேட்டீரெண்டால் மூண்டை ஆறாக்கிப் போடுவாங்கள்" என்றார். நான் கேட்கவில்லை.

அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகின்றது. அதனால்தானோ என்னவோ, கேட்டவர்களின் கதைகளைத் தேடி வாசிப்பது எனக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. அவற்றுள் இரண்டை இங்கு சொல்கிறேன். இரண்டுமே பிரித்தானியரின் இந்திய சிவில் சேவையோடு தொடர்புடையவை.

அச்சேவைக்கான போட்டிப் பரீட்சை லண்டனில் 1855இல் தொடங்கியது. பரீட்சையில் தேறியவுடன் பதவி கிடைத்துவிடாது. தெரிவானவர் ஒரு பயிலுநர் மட்டுமே. சட்டம், இந்திய மொழிகள் முதலியவற்றில் இடைக்காலப் பரீட்சைகளுக்குத் தோற்ற வேண்டும். இறுதிப் பரீட்சையில் தேற வேண்டும். குதிரையேற்றத்திலும் தகுதிபெற வேண்டும். இவற்றில் எதில் தவறினாலும் வெற்றி கைநழுவிப் போகலாம்.

1868இல் வங்காளத்திலிருந்து மூன்று இளைஞர்கள் ஒன்றாக லண்டனுக்குக் கப்பலேறினர். ரமேஷ் சந்திர தத், பிஹாரி லால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரே அவர்கள். 1869இல் மூவரும் தேறினர். ஆனால் சுரேந்திரநாத்தின் பெயரையும், பம்பாயிலிருந்து வந்து தேறிய ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூரின் பெயரையும் சிவில் சேவை ஆணையாளர்கள் பட்டியலிலிருந்து நீக்கினர். வயது கூடிவிட்டதாம்.

நடந்தது இதுதான். சுரேந்திரநாத் பிறந்தது 1848 நவம்பரில். 1863இன் இறுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சைக்குத் தோற்றியபோது தமது வயதைப் பதினாறு எனக் குறிப்பிட்டிருந்தார். உண்மையில் பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. நம் வீடுகளிலும் "பிள்ளைக்குப் பதினாறு நடக்குது" என்றுதானே சொல்கின்றோம்? ஆணையாளர்களோ பதினாறு முடிந்துவிட்டதாகக் கொண்டு, அவர் இருபத்தொரு வயது எல்லையைத் தாண்டியவர் என்று கணக்கிட்டுவிட்டனர்.

அவர் பேசாமல் கப்பலேறித் திரும்பவில்லை. குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை நாடினார். இந்தியாவில் வயது எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதற்குச் சான்றுகளைத் திரட்டி முன்வைத்தார். நீதிமன்றம் ஆணையாளர்களிடம் விளக்கம் கோரியது. அவர்கள் இறங்கி வந்தனர். இருவரும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். சுரேந்திரநாத் 1871இல் இறுதிப் பரீட்சையிலும் தேறி, சில்ஹெட்டில் உதவி நீதவானாகப் பதவியேற்றார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது நீதியின் வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் சில்ஹெட்டில் ஒரு வழக்கின் பதிவேட்டில் நேர்ந்த தவறுக்காக அவர்மீது விசாரணை நடந்தது. 1874இல் அவர் பதவி நீக்கப்பட்டார். மறுபடியும் லண்டன் சென்று இந்திய அலுவலகத்தில் மேன்முறையிட்டார். இம்முறை தோல்வி. பாரிஸ்டராகும் கதவும் அவருக்கு அடைக்கப்பட்டது. 1875இல் வெறுங்கையுடன் நாடு திரும்பினார். அதே 1875இல்தான் நமது பொன்னம்பலம் அருணாசலம் லண்டனில் போட்டிப் பரீட்சையில் தேறி, அவ்வழியில் இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையரானார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

முதல் முறை வென்றவர் இரண்டாம் முறை ஏன் தோற்றார்? முதல் முறை பிணக்கு ஒரு விதியைப் பற்றியது. வயது என்பது நிறுவக்கூடிய ஓர் உண்மை. தீர்ப்பைக் கேட்டதோ ஆணையாளர்களுக்கு வெளியே நின்ற ஒரு நீதிமன்றத்திடம். இரண்டாம் முறை, நிர்வாகத்தின் தீர்ப்பை எதிர்த்து அதே நிர்வாகத்தின் மேற்படியிடமே முறையிட வேண்டியிருந்தது.

இரண்டாவது கதை அரவிந்த கோஷினுடையது. 1890இல் போட்டிப் பரீட்சையில் பதினோராம் இடம் பெற்றுத் தெரிவான அவர், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்தபடியே இரண்டாண்டுப் பயிற்சியைக் கழித்தார். ஏட்டுப் பரீட்சைகளில் தேறினார். எஞ்சியிருந்தது குதிரையேற்றம். பல தவணைகள் கொடுக்கப்பட்டும் அவர் அதனை நிறைவு செய்யவில்லை. 1892 நவம்பரில் நிராகரிக்கப்பட்டார். அவருடைய கல்லூரி ஆசிரியர் புரோதரோ, அம்மாணவனின் திறமையையும் வறுமையையும் எடுத்துரைத்துக் கடிதம் எழுதினார். ஜேம்ஸ் காட்டன் பரிந்து பேசினார். அரவிந்தரும் இந்தியாவுக்கான அமைச்சர் கிம்பர்லி பிரபுவுக்கு மனு அனுப்பினார். மனு ஏற்கப்படவில்லை. இத்தகைய ஒருவர் சேவைக்கு விரும்பத்தக்கவர்தானா என்னும் ஐயத்தையும் அமைச்சர் கோப்பில் குறித்துவைத்தார்.

அச்சேவையில் தமக்கு நாட்டமில்லாமையால் வேண்டுமென்றே தவறவிட்டதாக அரவிந்தர் பிற்காலத்தில் கூறினார். எனினும் அவருடைய மனுவும் ஆவணமாக இருக்கின்றது. இருபது வயது இளைஞன் ஒருவன் ஒரு வேலையை வெறுக்கவும், அதே வேளையில் அதனை இழக்க அஞ்சவும் கூடும் என்பதை நான் நம்புகிறேன். என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அவரை வெளியேற்றக் காட்டப்பட்ட காரணம் குதிரை. கோப்பில் இருந்ததோ ஆளைப் பற்றிய அபிப்பிராயம். சொல்லப்பட்ட காரணத்துக்குப் பின்னால் சொல்லப்படாத காரணம் ஒளிந்திருக்கும்போது மேன்முறையீடு செய்பவர் நிழலோடுதான் சண்டையிடுகின்றார்.

இருவரையும் அச்சேவை இழந்தது. சுரேந்திரநாத் 1876இல் இந்தியச் சங்கத்தை நிறுவி, 1895இலும் 1902இலும் காங்கிரஸ் தலைவரானார். அரவிந்தர் விடுதலைப் போராட்டத்தில் குதித்து, 1910இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதனால் நாடு நன்மையடைந்தது என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆயினும் வெளியேற்றப்பட்ட எல்லோரும் சுரேந்திரநாத்களாகவோ அரவிந்தர்களாகவோ ஆகிவிடுவதில்லை. பெரும்பாலானோர் காரணம் தெரியாமலே வீடு திரும்பியவர்கள்.

காலம் சற்று மாறியிருக்கின்றது. பரீட்சார்த்தி தமது திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்வையிட உரிமையுடையவர் என இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் சிவில் சேவைப் பரீட்சையின் புள்ளி விபரங்களைக் கேட்டவுடன் வெளியிட உத்தரவிட முடியாதென்று அதே நீதிமன்றம் 2018இல் கூறியது. பழைய கோப்பின் கதவு இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை.

எதைக் கொண்டு அளக்கின்றார்கள் என்பது பயிலுநருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அளந்ததை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். அளந்தவரல்லாத இன்னொருவரிடம் முறையிட வழி இருக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத மதிப்பீடு வெறும் அதிகாரமே.

பின்னாளில் பயிலுநர்களை மதிப்பிடும் பொறுப்பு எனக்கும் வந்தது. மதிப்பீட்டுத் தாளை அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து வரிவரியாக வாசித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒருமுறை ஒரு பெண் பயிலுநர், "ஐயா, இந்தச் செய்தியை எழுதினது நான் இல்லை" என்றார். பார்த்தேன். உண்மைதான். வேறொருவரின் பிழைக்கு அவருடைய புள்ளியைக் குறைத்திருந்தேன். அதே இடத்தில் திருத்திக் கையொப்பமிட்டேன். அவர் கேட்டிராவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது.